சகுகா: பொருள், பிறப்பு, தமிழ்ச் சொல்

‘ஒன் பீஸ்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் (அனிமே) தொடரில் முக்கியமான எபிசோட் ஒன்று வந்துவிட்டால், அன்றிரவே ரசிகர்கள் வாயில் அடிபடும் சொல் சகுகா. “என்ன சகுகாடா இது!” என்பார் ஒருவர். “இதில் சகுகாவே இல்லை” என்பார் இன்னொருவர். இரண்டாவது வாக்கியத்தை ஜப்பானிய அனிமேஷன் கலைஞர் கேட்டால் விழிப்பார். சகுகா இல்லாத அனிமே எபிசோட் கிடையாது.

ஜப்பானிய மொழியில் ‘சகு’ என்பது ஆக்குதல், ‘கா’ என்பது படம். சேர்த்தால் படம் வரைதல், அவ்வளவே. அனிமேஷன் கூடத்தில் அது ஒரு வேலைப்பிரிவின் பெயர். பின்னணி ஓவியம், வண்ணம், குரல் போன்றவை வேறு பிரிவுகள். நன்றாக வரைந்தாலும் மோசமாக வரைந்தாலும் அது சகுகாதான். அதனால் ஜப்பானிய ரசிகர்கள் ‘நல்ல சகுகா’ என்றோ, தெய்வ வரைவு என்று பொருள்படும் ‘காமி சகுகா’ என்றோ அடைமொழி சேர்த்துச் சொல்வார்கள். வெளிநாட்டு ரசிகர்கள் அடைமொழியை விட்டுவிட்டார்கள். அவர்களிடம் சகுகா என்றாலே அசத்தலாக அசைவூட்டப்பட்ட காட்சித்துண்டு.

இந்தப் பிரிவுக்குள் வேலை எப்படி நகர்கிறது என்று தெரிந்தால்தான் சொல்லைச் சரியாக ஆள முடியும். ஒரு எபிசோடில் சுமார் 300 ஷாட்கள் இருக்கும். ஷாட்களின் மாதிரிப் படவரிசையான காட்சிப்பலகை (ஸ்டோரிபோர்டு) தயாரானதும் அவற்றைக் கலைஞர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அசைவின் முக்கிய நிலைகளை வரைவது ‘கெங்கா’. ஒரு குத்து என்றால் கை பின்வாங்கும் நிலை, பாயும் நிலை, பட்டு அதிரும் நிலை. முகமும் உடலளவும் ஆளுக்கு ஆள் மாறிவிடாதபடி ‘சகுகா கந்தோகு’ எனும் வரைவு இயக்குநர் அவற்றின் மேல் தனித்தாள் வைத்துத் திருத்துவார். நிலைகளுக்கு இடையிலான படங்களை நிரப்புவது ‘தோகா’. அதன்பின் வண்ணம், கடைசியில் எல்லா அடுக்குகளையும் சேர்த்து ஒளியும் புகையும் ஏற்றும் ‘சத்சுவே’.

கணக்கையும் பார்க்கலாம். தொடக்கப் பாடல், முடிவுப் பாடல் போக 20 நிமிடம் என்றால், நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் 28,800 ஃபிரேம். வாரத் தொடரின் எபிசோடுக்கு வரைதாள் பெரும்பாலும் 3,000 முதல் 5,000 வரைதான். 4,000 என்று வைத்தால் ஒரு தாள் சராசரியாக 7 ஃபிரேம் திரையில் நின்றாக வேண்டும். சண்டைக் காட்சிக்கு நொடிக்கு 12 படமோ 24 படமோ செலவழித்தால், வேறெங்கோ உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். முன்கதைச் சுருக்கம் இழுப்பதும், அதிர்ச்சி முகத்தை வரிசையாகக் காட்டுவதும் சோம்பேறித்தனத்தால் அல்ல.

ரசிகர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: நிறுத்திப் பார்ப்பது. வேகமான அசைவில் ஓரிரு ஃபிரேமுக்கு உருவத்தை வேண்டுமென்றே இழுத்துக் கோரமாக்கி வரைவார்கள். தொழிலில் அதற்கு ‘ஒபாகே’, அதாவது பேய் என்று பெயர். ஓடும்போது வேகமாகத் தெரிவது, நிறுத்தினால் அலங்கோலமாகத் தெரியும். 2010இல் வந்த ‘நருடோ ஷிப்புடென்’ 167ஆம் எபிசோடுக்கு நேர்ந்தது இதுதான். அட்சுஷி வகபயாஷி இயக்கிய அந்தச் சண்டையில் உருவங்கள் வளைந்தன, நெளிந்தன, பிதுங்கின. நிறுத்தி எடுத்த படங்களை வைத்தே பலர் “சொதப்பிவிட்டார்கள்” என்று தீர்ப்பெழுதினார்கள். துணிச்சலான அசைவூட்டத்துக்கு எடுத்துக்காட்டாக அதையே காட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நியாயம் அவர்கள் பக்கம்.

உண்மையான சொதப்பலுக்கு ‘சகுகா ஹோகாய்’ என்று தனிப்பெயர் உண்டு. ஹோகாய் என்றால் இடிந்து சரிதல். ‘டிராகன் பால் சூப்பர்’ 5ஆம் எபிசோட், 2015 ஆகஸ்ட்: நாயகன் கோகுவின் முகமும் உடலும் ஷாட்டுக்கு ஷாட் மாறின. பிற்பாடு வீடியோ வட்டாக வெளியிட்டபோது திருத்தி வரைந்தார்கள். வளைவு அசைவுக்கு உதவினால் ஒபாகே. எதற்கும் உதவாமல் நின்ற நிலையிலேயே முகம் கோணினால் ஹோகாய்.

இன்னொரு குழப்பம் ஒளிவீச்சு. 2023 ஆகஸ்ட் 6இல் ஒளிபரப்பான ‘ஒன் பீஸ்’ 1071ஆம் எபிசோடில் நாயகன் லூஃபி ‘கியர் 5’ வடிவம் எடுக்கிறான். கண் வெளியே துள்ளுவதும் தரை ரப்பராக நெளிவதும் சகுகா. மேலே தகதகக்கும் ஒளியில் பெரும்பங்கு சத்சுவேயின் வேலை. “கார்ட்டூன் மாதிரி இருக்கிறது” என்ற குறை அந்த எபிசோடுக்குப் பொருந்தாது; பழைய அமெரிக்கக் கார்ட்டூன் போல இருப்பதுதான் அந்த வடிவத்தின் நோக்கமே. 2022 ஏப்ரலில் மெகுமி இஷிதானி இயக்கிய 1015ஆம் எபிசோடுக்குக் கிடைத்த பாராட்டிலும் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டியது உண்டு. கோணம், ஒளி, காட்சியமைப்பு ஆகியவை இயக்கத்தின் சாதனை. எல்லாவற்றையும் சகுகா கணக்கில் எழுதினால் இயக்குநருக்குப் பங்கில்லாமல் போகும்.

“இந்த வாரம் காசை இறைத்திருக்கிறார்கள்” என்பதும் பெரும்பாலும் தவறான ஊகம். வித்தியாசம் செய்வது கால அவகாசமும், அந்த நேரத்தில் எந்தக் கலைஞர் கைவசம் இருக்கிறார் என்பதும்தான். 1999இலிருந்து வாராவாரம் ஓடிய ‘ஒன் பீஸ்’ தொடரை 2026 முதல் ஆண்டுக்கு அதிகபட்சம் 26 எபிசோட் என்று குறைக்க முடிவெடுத்ததையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘வரைகலை’ கணினி கிராஃபிக்ஸுக்குப் போய்விட்டது. தொழிற்பொருளில் ‘அசைவரைவு’ பொருந்தும். அதை ஒட்டி கெங்காவை மூலவரைவு, தோகாவை இடைவரைவு, சகுகா ஹோகாயை வரைவுச்சரிவு எனலாம். ரசிகர் பொருளுக்குப் புதுச்சொல் தேவையில்லை. ‘கைவண்ணம்’ ஏற்கெனவே இருக்கிறது. தேர்ந்த சகுகா ரசிகர் முதலில் கேட்பது “இந்த ஷாட் யார் வரைந்தது?” என்றுதான். “இது யார் கைவண்ணம்?” என்ற வழக்கில் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது.

எழுத்துக்கூட்டல்: ‘சக்குகா’, ‘சாகுகா’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். மூலத்தில் எல்லாமே குறில். முதல் எழுத்தை நீட்டத் தேவையில்லை. நடுவில் வருவது வல்லோசை ‘கு’. தமிழில் ஒற்றைக் ககரம் மெலிந்தொலிக்கும் என்பதால் ‘சக்குகா’ என எழுதுவோருக்கும் காரணம் உண்டு. ஆனாலும் ‘சகுகா’ போதும்.