இந்தியா-சைனா கேப்பிடல் அக்கவுண்ட் சார்ட்ட பாத்து டாலர் முடிவு எடுக்காதீங்க

மும்பைல பேங்க் ட்ரெஷரி பக்கம் வேலை பாக்குறதால நம்ம ஆளுங்க டாலர் விஷயமா நிறைய கேப்பாங்க. கொஞ்ச நாளா எல்லாரும் அனுப்புறது ஒரே மாதிரி சார்ட் தான், இந்தியாவோட நெட் கேப்பிடல் அக்கவுண்ட் (முதலீடு, கடன், டெபாசிட்னு நாட்டுக்குள்ள வந்த பணத்துல இருந்து வெளில போனத கழிச்ச கணக்கு) ஒரு கோடு, சைனாவோடது ஒரு கோடு, நம்ம கோடு மேல, அவங்க கோடு கீழ, அதனால நாம ஜெயிச்சுட்டோம்னு கீழ ஒரு வரி. இத நம்பி காசு வைக்கிறாங்கன்னு பாக்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்கு.

மொதல்ல ப்ளஸ் மைனஸ பாருங்க. ரிசர்வ் பேங்க் (ஆர்பிஐ) வழக்கமா போடுற டேபிள்ல பணம் உள்ள வந்தா ப்ளஸ். சர்வதேச நாணய நிதியம் (ஐஎம்எஃப்) முறைல நாம வெளில சேத்த சொத்துல இருந்து வெளிநாட்டுக்காரங்க இங்க போட்டத கழிப்பாங்க, அதனால உள்ள வந்தா மைனஸ். ரெண்டு இடத்துல இருந்தும் எடுத்து ஒரே சார்ட்ல ஒட்டுனா ஒரு கோடு தலைகீழா தான் நிக்கும். நம்ம வருஷம் ஏப்ரல்-மார்ச், அவங்களுது ஜனவரி-டிசம்பர். ரிசர்வ், அதாவது மத்திய வங்கியோட அந்நியச் செலாவணி கையிருப்பு, அதோட மாற்றத்த சேத்தாங்களா இல்லையாங்குறதும் முக்கியம்.

சரி, எல்லாம் சரியா போட்டாங்கன்னே வைங்க. சைனா ஏற்றுமதில உபரி வச்சிருக்க நாடு, அந்த டாலர் எங்கயாவது வெளில போய் தான் ஆகணும், அது சொத்தா போகுதா பயந்து ஓடுதாங்குறது தான் கேள்வி. பல வருஷம் வியாபாரம், முதலீடு ரெண்டு பக்கமும் உபரி வந்து 2014 நடுவுல ரிசர்வ் கிட்டத்தட்ட 4 ட்ரில்லியன் டாலர் ஆச்சு, 2015 ஆகஸ்ட்ல யுவான் மதிப்ப குறைச்சப்புறம் பணம் நிஜமாவே ஓடுச்சு, 2017 ஜனவரில 3 ட்ரில்லியன் பக்கம் வந்து நின்னுச்சு. நமக்கு கரண்ட் அக்கவுண்ட்ல, அதாவது ஏற்றுமதி இறக்குமதி, வெளில இருந்து அனுப்புற பணம் மாதிரி கணக்குல, பெரும்பாலும் பற்றாக்குறை, அதனால உள்ள வர்ற பணம் பரிசு இல்ல, தேவை.

அந்தப் பணம் நிக்குமாங்குறத நெட் நம்பர் சொல்லாது. 2007-08ல நமக்கு நெட்டா வந்தது 107 பில்லியன் டாலர் பக்கம், அடுத்த வருஷம் வெறும் 7 பக்கம், 40 ரூபா கிட்ட இருந்த டாலர் 2009 மார்ச்ல 50ஐ தாண்டுச்சு. 2013 மே மாசம் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் பணம் விடுறத குறைக்கப்போறோம்னு லேசா ஜாடை காட்டுனதுக்கே ஆகஸ்ட் 28ல டாலர் 68 ரூபாவ தாண்டிடுச்சு. அப்ப ஆர்பிஐ வெளிநாட்டு இந்தியர்கள் வெளிநாட்டு கரன்சில போடுற எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டுக்கு, டாலர ரூபாவா மாத்தி பிற்பாடு டாலராவே திருப்பித் தர்ற ஸ்வாப்ப சலுகை ரேட்ல குடுத்து, பேங்குங்க வெளில வாங்குன கடனோட சேத்து 34 பில்லியன் டாலர் கொண்டு வந்துச்சு. கணக்குல அது ப்ளஸ் தான், ஆனா டெபாசிட்டெல்லாம் 2016ல திருப்பிக் குடுக்க வேண்டிய பணம்.

எஃப்டிஐ, அதாவது வெளிநாட்டு கம்பெனிங்க இங்க நேரடியா போடுற முதலீடு கூட அப்படித்தான். 2024-25ல மொத்தமா வந்தது 81 பில்லியன், பழைய முதலீட்டாளருங்க வித்துட்டு எடுத்துட்டு போனதையும் நம்ம கம்பெனிங்க வெளில போட்டதையும் கழிச்சா மொதல்ல வெளியான கணக்குப்படி நெட் 0.4 பில்லியன். யாரும் வரலன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, நெட்ட மட்டும் பாத்தா அப்படித்தான் தெரியும். இங்க தான் நிறைய பேர் தடுக்கி விழுறாங்க, மொத்த வரவு, மொத்த போக்கு ரெண்டையும் தனித்தனியா, ஜிடிபில எத்தன சதவீதம்னு போட்டு பாருங்க.

போன வாரம் தாராவில லெதர் பேக் செய்யற அண்ணாச்சி ஒருத்தர் இதே சார்ட்ட காட்டி, "தம்பி, அங்க ஓடுது இங்க கொட்டுது, ரூபா ஏறத்தானே செய்யும், நான் எதுக்கு ஃபார்வர்ட் போட்டு காச விடணும்?"னாரு. ஃபார்வர்ட்னா பிற்பாடு வாங்கப்போற டாலருக்கு இன்னைக்கே பேங்க்ல ரேட் பேசி வைக்கிறது. அவரு ஜிப்பு பக்கிள் வாங்குனதுக்கு மூணு மாசத்துல டாலர்ல கட்டணும். இந்த சார்ட்டுல இருக்க கணக்கோட டேட்டா வெளிவரவே காலாண்டு முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் ஆகும் அண்ணாச்சி, நீங்க பாக்குறது பழைய கதை, உங்க மூணு மாசத்த முடிவு பண்றது எண்ணெய் விலையும் நம்ம பங்குச் சந்தைல வந்து போற வெளிநாட்டு முதலீட்டாளருங்களும் (எஃப்ஐஐ) ஆர்பிஐ டாலர் விக்கிறதும் தான்னு சொல்லி, டாலர் ரெண்டு மூணு ரூபா ஏறுனா லாபமே போயிடுமான்னு கேட்டேன், ஆமான்னாரு, அப்ப முழு பில்லுக்கும் ஃபார்வர்ட் போட்டுருங்கன்னேன்.