ட்ரெட்மில் வாங்கட்டோ எண்டு கேக்கிற அம்மாமாருக்கு

"மிஸ், கனடாவில இருக்கிற மாமா காசு அனுப்புறன் எண்டு நிக்கிறார், ட்ரெட்மில் ஒண்டு வாங்கினா இவன் கெதியா நடந்திடுவானோ?" பெருமூளை வாதம் உள்ள பிள்ளையளின்ர அம்மாமார் இந்தக் கேள்வியைக் கேக்காத மாதம் இல்லை. யூடியூப்பில வெளிநாட்டுப் பிள்ளையள் மேல கொழுவின ஹார்னஸில, அதுதான் உடம்பைத் தாங்கிற வாரில, நிண்டு மெசின்ல நடக்கிறதைப் பாத்திட்டு வருவினம். யாழ்ப்பாணத்தில பிசியோவா வேலை செய்யிறவள் எண்டபடியால், எல்லாருக்கும் சேத்து ஒருக்கா எழுதுறன்.

முதல் ஒரு விசயம். பெருமூளை வாதம், அதுதான் சி.பி., காலில வந்த வருத்தம் இல்லை. பிறக்க முந்தியோ பிறக்கேக்கயோ பிறந்த கொஞ்சக் காலத்திலயோ வளர்ற மூளைக்கு வந்த பாதிப்பு. அந்தப் பாதிப்பு கூடிக்கொண்டு போகாது, ஆனா பிள்ளை வளர எலும்பு நீளும், இறுகின தசை அதுக்கு ஈடு குடுக்காது, அதாலதான் சின்னனில ஓரளவு நடந்த பிள்ளை 10, 12 வயசில முழங்கால் மடிஞ்சு நடக்கிறதைப் பாக்கிறம்.

நடை பழகோணும் எண்டால் நடந்துதான் பழகோணும். பாயில படுக்க வைச்சுக் காலை இழுத்து மடக்கிறது தேவைதான், ஆனா அது மட்டும் காணாது. ட்ரெட்மில்லின்ர பலம் என்னெண்டால் ஒரே இடத்தில நிண்டு நூற்றுக்கணக்கான அடி வைக்கலாம், காலுக்குக் கீழ ஓடுற பெல்ட் காலைப் பின்னுக்கு இழுக்கேக்க இடுப்பு மூட்டு மடிஞ்சு நிக்காமல் நிமிரும், அந்த இழுவை முள்ளந்தண்டு நரம்புக்குப் போய் அடுத்த அடிக்குக் காலைத் தூக்க உதவும். ஹார்னஸ் உடம்புப் பாரத்தில கொஞ்சத்தைத் தாங்கிறதால தனிய நிக்க ஏலாத பிள்ளையும் நடந்து பாக்கலாம்.

என்னட்டை வந்த ஒரு 7 வயசுப் பெடியன், குறைமாசத்தில பிறந்தவன், ரெண்டு காலும் இறுக்கம், வோக்கரோட நடக்கிறவன். முதல் நாள் பெல்ட் ஓடத் தொடங்க அவன்ர சப்பாத்து நுனி 'சர்ர் சர்ர்' எண்டு உரஞ்சினபடியே இருந்தது, குதி நிலத்தில படவே இல்லை. நான் பக்கத்தில முட்டுக்காலில இருந்து ஒவ்வொரு அடிக்கும் குதியைப் பிடிச்சு வைச்சன், அவன்ர அம்மா முன்னுக்கு நிண்டு "ராசா, என்னைப் பார், கீழ பாக்காத" எண்டு சொல்லிக்கொண்டே இருந்தா. கிழமைக்கு 3 நாள், நடுவில ஆறி ஆறி 20 நிமிசம். ரெண்டாம் மாதம் ஒருநாள் அந்தச் சர்ர் சத்தம் கொஞ்ச நேரம் கேக்கேல்ல, நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தம்.

ஆனா உண்மையைச் சொல்லோணும். மெல்பேர்ன்ல 2007 ல வந்த ஒரு ஆய்வில கிழமைக்கு 2 தரம், 6 கிழமை இப்பிடி நடந்த பிள்ளையளின்ர வேகம் கூடினது. 2010 ல அங்கயே இன்னொரு ஆய்வில, ட்ரெட்மில்ல நடந்த பிள்ளையளையும் அதேயளவு நேரம் வெறும் நிலத்தில நடந்த பிள்ளையளையும் ஒப்பிட்டுப் பாத்திச்சினம், மெசின்ல நடந்தவை நிலத்தில நடந்தவையை விட முன்னேறேல்ல. 2022 ல கரண்ட் வெட்டின நாளுகளில நாங்களும் விறாந்தையில டேப் ஒட்டித்தான் நடத்தினம், பிள்ளையள் பின்னுக்குப் போகேல்ல. எத்தனை அடி வைச்சவன் எண்டிறதுதான் கணக்கு.

வீட்டு ட்ரெட்மில்லை நான் ஏன் வேண்டாம் எண்டிறன்? அதுகள் கனக்க மணிக்கு 0.8 இல்லாட்டி 1 கிலோமீற்றர் வேகத்திலதான் தொடங்கும், இந்தப் பிள்ளையளில கனபேருக்கு முதல் நாளில அதுவே ஓட்டம். கைபிடி பெரியாக்களின்ர உயரத்துக்கு, பிள்ளை அதில தொங்கும், நடக்காது. ஹார்னஸ் இல்லை. விழுந்தா ஓடுற பெல்ட் சின்னக் கையைத் தோலுரிச்சுப்போடும், பக்கத்தில விளையாடுற தங்கச்சியின்ர கையையும்தான். தயவுசெய்து கடன்பட்டு வாங்காதேங்கோ.

எங்க நடத்தினாலும் துடங்க முந்தி இடுப்பு எக்ஸ்ரே ஒண்டு பாக்கச் சொல்லிக் கேளுங்கோ. சி.பி. பிள்ளையளில ஏறக்குறைய மூண்டில ஒருத்தருக்கு இடுப்பு மூட்டு விலகிற பிரச்சினை இருக்கு, அது கனகாலம் நோகாமலே இருக்கும். வலிப்பு வாறதெண்டால் மறைக்காமல் சொல்லுங்கோ. ஸ்பிளின்ட், அதுதான் காலைத் தாங்கிப் பிடிக்கிற கவசம், போட்டா பேந்து கழட்டித் தோல் சிவந்திருக்கோ எண்டு பாருங்கோ.

அந்தப் பெடியன்ர மாமா அனுப்பின காசில அவை மெசின் வாங்கேல்ல. வாசல்படியில இருந்து படலை வரைக்கும் மணலுக்கு மேல சீமெந்து போட்டு, ரெண்டு பக்கமும் அவன்ர இடுப்பு உயரத்துக்கு பைப் பூட்டினவை. காலமை மீன்காரற்ற ஹோர்ன் கேட்டா அவன்தான் முதல் வெளிக்கிடுறானாம். படலைக்குப் போய்ச்சேர 3, 4 நிமிசம் ஆகும், மீன்காரர் மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு நிக்கிறவராம்.