ஹெட்போனா, ஸ்பீக்கரா? வாங்கும் முன் காதையும் கணக்கில் சேருங்கள்

வீட்டில் பாட்டுக் கேட்க ஹெட்போன் வாங்கலாமா, அதே பணத்தை ஒரு ஜோடி ஸ்பீக்கரில் போடலாமா? செவித்திறன் நிபுணராக இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் மனதில் இருப்பது ஒலியின் தரம். நான் முதலில் திருப்பிக் கேட்பது வேறு: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கேட்பீர்கள்?

தரத்தை மட்டும் பார்த்தால் பதில் எளிது. குறைந்த பணத்தில் அதிகத் துல்லியம் தருவது ஹெட்போன்தான். அது அசைக்க வேண்டியது காதுக்கும் அதன் மெத்தைக்கும் இடையில் இருக்கும் கொஞ்சம் காற்றை மட்டுமே. ஸ்பீக்கரோ ஒரு அறை முழுக்க இருக்கும் காற்றை அசைக்க வேண்டும். அதற்குப் பெரிய கூம்பு, கனமான பெட்டி, ஆம்ப்ளிஃபையர் எல்லாம் தேவை. சின்ன ஸ்பீக்கர்களில் அடித்தொனி மெலிந்துபோவதற்கும், அதே பணத்துக்கு வாங்கிய ஹெட்போனில் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது அடித்தொனி தரும் பக்கம், தெளிவாக விழுவதற்கும் இதுதான் காரணம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மூடிய வகை ஹெட்போனில் மெத்தை காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் பதிய வேண்டும். மூக்குக்கண்ணாடியின் காம்பு உள்ளே போனால் அந்த இடுக்கு வழியாக பேஸ், அதாவது அடித்தொனி, கசிந்துவிடும். கண்ணாடி போடுபவர்கள், போட்டுக்கொண்டே சோதித்து வாங்குங்கள்.

ஸ்பீக்கர் வாங்குபவர் அறையையும் சேர்த்தே வாங்குகிறார். 4 மீட்டர் நீளமுள்ள ஒரு அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சுமார் 43 ஹெர்ட்ஸ் ஒலி நிலையலையாக, அதாவது சுவர்களில் பட்டுத் திரும்பி ஒரே இடத்தில் நிற்கும் அலையாக, தங்கும். சுவரோரம் உட்கார்ந்தால் அந்தத் தொனி வீங்கிக் கேட்கும், நடு அறையில் ஏறக்குறைய காணாமல் போகும். ஸ்பீக்கரை மூலையில் தள்ளி வைத்தால் பேஸ் கூடும், ஆனால் குழறும். தரைவிரிப்பும் திரைச்சீலையும் மேல் தொனிகளின் எதிரொலியை அடக்கும். அடித்தொனியை அவை தொடக்கூட முடியாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், அலமாரித் தட்டில் செருகி வைத்த ஸ்பீக்கர் அதன் தரத்தைக் காட்டாது. இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்கள் உட்காரும் இடமும் ஒரு சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். ட்வீட்டர்கள், அதாவது மேல் தொனிகளைத் தரும் சின்ன ஒலிப்பான்கள், காது உயரத்தில் இருக்க வேண்டும். இதற்குச் செலவே இல்லை, ஆனால் பலர் இதைச் செய்வதில்லை.

சரி, இத்தனை தொல்லை இருந்தும் பலருக்கு நான் ஸ்பீக்கரையே சொல்கிறேன். ஏன்? முதல் காரணம் இசையே. ஸ்பீக்கரில் கேட்கும்போது இடது பக்க ஒலி வலது காதுக்கும் வருகிறது, ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான தாமதத்தோடு, தலை மறைப்பதால் சற்று மங்கி. இந்தச் சின்ன வித்தியாசங்களை வைத்துத்தான் பாடுபவர் எதிரே இருக்கிறார் என்று மூளை முடிவு செய்கிறது. ஹெட்போனில் இடது ஒலி இடது காதோடு நின்றுவிடும். அதனால் குரல் எதிரில் கேட்காமல் தலைக்குள்ளேயே கேட்கிறது. சிலருக்கு அது பிடிக்கும். நீண்ட நேரம் கேட்கும்போது பலருக்கு அதுவே சோர்வு தருகிறது.

இரண்டாவது காரணம் என் தொழில் சார்ந்தது. காதைப் பாதிப்பது கருவியின் பெயர் அல்ல. ஒலியின் அளவும் அது நீடிக்கும் நேரமும்தான். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட பாதுகாப்பான கேட்டலுக்கான வழிகாட்டு முறையில், பெரியவர்களுக்கு வாரம் 80 டெசிபலில் 40 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரம் 75 டெசிபலில். ஒலி 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 89 என்றால் 5 மணி. இப்படியே போனால் 101 டெசிபலில் ஒரு வாரத்துக்கு 20 நிமிடம்கூடக் கிடைக்காது. முழு வால்யூமில் இந்த அளவைத் தொடும் ஹெட்போன்கள் சாதாரணமாகவே கிடைக்கின்றன.

ஸ்பீக்கரிலும் இந்த அளவைத் தொடலாம்தான். ஆனால் அதற்குள் பக்கத்து அறையிலிருந்து குரல் வந்துவிடும், "கொஞ்சம் குறைங்க" என்று. ஹெட்போன் போட்டிருப்பவரிடம் அதைச் சொல்ல யாரும் இல்லை. மின்விசிறி, மிக்ஸி, தெருச்சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே பாட்டுக் கேட்க வேண்டும் என்று கை தானாக வால்யூமை ஏற்றும். சத்தம் அடங்கிய பிறகு அதை யாரும் இறக்குவதில்லை. உட்காதில் ஒலியை உணரும், நுண்முடி கொண்ட செல்கள் ஏறத்தாழ 15,000 மட்டுமே, அழிந்தால் மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. சத்தத்தால் வரும் இழப்பு பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் பகுதியில் தொடங்குகிறது. ச, த, ப போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் மேல் தொனிகள் அங்கேதான் இருக்கின்றன. அதனால்தான், பேசுவது கேட்கிறது ஆனால் புரியவில்லை என்று பலர் என்னிடம் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். ஹெட்போனைக் கழற்றியதும் காதில் ரீங்காரமோ, பஞ்சு அடைத்த உணர்வோ இருந்தால், அன்றைய அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் சரியாகிவிட்டாலும் அதை லேசாக விடாதீர்கள்.

ஆக, என் பரிந்துரை இப்படி. வேலை செய்துகொண்டே நாள் முழுக்கப் பாட்டு ஓட வேண்டும் என்பவர் சுமாரான ஸ்பீக்கராவது வாங்கட்டும். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு நுணுக்கமாகக் கேட்பவர், அல்லது ராத்திரியில் மற்றவர் தூக்கம் கெடாமல் கேட்க வேண்டியவர், நல்ல ஹெட்போன் வாங்கலாம். வீட்டில் சத்தம் அதிகம் என்றால் இரைச்சல் குறைக்கும் வகையைப் பாருங்கள். ஏசி, விசிறி போன்ற சீரான உறுமலை அது நன்றாக அடக்குவதால் வால்யூமைத் தாழ்வாக வைக்க முடிகிறது. அப்புறம், ஆயுளையும் யோசியுங்கள். கம்பியில்லா இயர்பட்ஸின் பேட்டரி சில வருடங்களில் தேய்ந்துவிடும், பெரும்பாலான மாடல்களில் அதை மாற்றவும் வழியில்லை. நல்ல ஸ்பீக்கர் பல வருடங்கள் உழைக்கும்.

ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைந்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஹெட்போனில் அந்தப் பக்கம் வரும் வாத்தியமே உங்களுக்கு இல்லாமல் போகும், அதை ஈடுகட்ட வால்யூமை ஏற்றினால் நல்ல காதும் அடிபடும். ஸ்பீக்கரில் இரு பக்க ஒலியும் நல்ல காதுக்கு வந்து சேரும். ஹெட்போன்தான் வேண்டும் என்றால், போனின் அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதியில் மோனோ ஆடியோ இருக்கும். அதை இயக்கினால் இரண்டு பக்க ஒலியும் சேர்ந்து ஒவ்வொரு காதுக்கும் வரும். காதுக்கருவி போட்டிருப்பவர்கள், அதை உள்ளே வைத்துக்கொண்டே போடும் அளவுக்குப் பெரிய, ஆழமான கப் உள்ள ஹெட்போனைப் பாருங்கள். தலையில் வைத்ததும் கருவி கீச்சிட்டால் அந்த மாடல் வேண்டாம், வேறு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.