சவரம் செய்தால் தாடி வளராது. முதலில் மாதவிடாய்த் தேதியைச் சொல்லுங்கள்

போன வாரம் ஒரு கல்லூரிப் பெண் அம்மாவோடு வந்திருந்தாள். சளி, காய்ச்சல் எதுவும் இல்லை, ஆனால் மாஸ்க் போட்டிருந்தாள். கழற்றச் சொன்னதும் அழுதுவிட்டாள். தாடையில் இருந்த முடி முப்பது, நாற்பதுதான் இருக்கும். அதைப் பிடுங்கிப் பிடுங்கி வந்த கருந்திட்டும் சீழ்க்கொப்புளமும்தான் அதிகம். போதாததற்கு, முடி எடுக்கிற க்ரீமை அரை மணி நேரம் பூசி வைத்திருந்ததில் தோல் வெந்திருந்தது.

"இதுக்கு ஒரு ரேசர் போதுமேம்மா" என்றேன்.

"ஐயோ டாக்டர், பொம்பளைப் பிள்ளை முகத்துல ரேசரா? அப்புறம் தாடியா வளர்ந்துடாதா?" என்றார் அம்மா.

இந்த ஒரே பதிலை இந்த மாதம் மட்டும் ஐந்து அம்மாக்களிடம் கேட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வளராது. முடியின் உயிர் தோலுக்கு அடியில், வேரில் இருக்கிறது. ரேசர் தோலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் வெட்டுகிறது. வேருக்குச் சேதி போக வழியே இல்லை. வெட்டாத முடியின் நுனி மெலிந்து கூராக இருக்கும். வெட்டினால் நுனி மழுங்கிவிடும், அதனால் தடவும்போது சொரசொரக்கும். அதைத்தான் அடர்த்தி என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற உடற்கூறியல் அறிஞர் ஆண்களைச் சவரம் செய்யவைத்து, முடியை அளந்து பார்த்து, வளர்ச்சி கூடவில்லை என்று 1928-லேயே எழுதிவிட்டார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். மொட்டை போட்டால் முடி அடர்த்தியாகும் என்றால், பழனியில் மொட்டை போட்டுத் திரும்பும் வழுக்கைத் தலைக்காரர் எல்லோருக்கும் முடி முளைத்திருக்க வேண்டுமே?

"என் பொண்ணுக்குச் சவரம் பண்ணின பிறகுதானே டாக்டர் அதிகமாச்சு" என்பார்கள். பதினாறு வயதில் முதல் தடவை ரேசர் எடுக்கிறாள். ஹார்மோன் ஏறுகிற வயதும் அதுதான். கை வைக்காமல் விட்டிருந்தாலும் அந்தப் பூனைமுடி தடித்திருக்கும்.

சரி, பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அம்மாதான் பதில் சொன்னார்: "மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரும். அதெல்லாம் கல்யாணமானா சரியாயிடும். நாங்க முகத்துக்குத்தான் வந்தோம்."

முகத்துக்குத்தான் நானும் கேட்டேன். மேலுதடு, தாடை, மார்பு, அடிவயிறு என்று ஆண்களுக்கு வளரும் இடங்களில் பெண்ணுக்குக் கருத்துத் தடித்த முடி வளர்ந்தால், பெரும்பாலும் ஆண்ட்ரோஜன் என்ற ஆண்தன்மை ஹார்மோன் கூடியிருக்கும். அப்படிப்பட்டவர்களில் 100-க்கு 70 பேருக்கு மேல் பிசிஓஎஸ், அதாவது நீங்கள் நீர்க்கட்டி என்று சொல்வது. (அவை உண்மையில் கட்டிகள் அல்ல, பாதியில் வளர்ச்சி நின்ற கருமுட்டைப் பைகள். இதைக் கேட்டாலே பாதிப் பேருக்குப் பயம் போய்விடுகிறது.) இதைக் கல்யாணம் சரிசெய்யாது. கவனிக்காமல் விட்டால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடும், கருத்தரிப்பதும் சிரமமாகலாம். சிலருக்கு மாதவிடாயும் சீராக இருக்கும், ஹார்மோனும் சரியாக இருக்கும், முடி மட்டும் வளரும். குடும்பவாகு அது. தாடையில் நாலு முடி என்றால் ஒன்றுமே இல்லை.

ஆனால் சில மாதங்களுக்குள் மளமளவென்று முடி வளர்ந்து, குரல் கரகரத்து, முன்மண்டையில் முடி கொட்டினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அபூர்வம்தான், ஆனாலும் நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முகம் வெளுக்க என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'வெள்ளை க்ரீம்'. அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, கன்னமெல்லாம் முடி வளரும். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதைத் தரவே கூடாது, நீங்களும் கேட்காதீர்கள். வருடக்கணக்கில் பூசியவர்கள் சட்டென்று நிறுத்தினாலும் முகம் எரியும், மருத்துவரிடம் காட்டி நிறுத்துங்கள்.

லேசர் நல்ல சிகிச்சைதான். ஆனால் அது முடியின் கருநிறத்தைப் பிடித்துத்தான் வேலை செய்கிறது, வெள்ளை முடிக்குப் பயன் இல்லை. மாநிறத் தோலுக்கும் கருநிறத் தோலுக்கும் 1064 நானோமீட்டர் என்டி யாக் என்ற லேசர் வகை பாதுகாப்பானது. அது தெரியாதவர் கையில் முகத்தைக் கொடுக்காதீர்கள். உள்ளே ஹார்மோனைக் கவனிக்காமல் ஆறு சிட்டிங் பேக்கேஜுக்குப் பணம் கட்டினால் முடி திரும்ப வரும். லேசருக்கு முன்னால் நாங்களே முகத்தைச் சவரம்தான் செய்கிறோம். த்ரெட்டிங்கும் வேக்ஸிங்கும் வேரோடு பிடுங்கிவிடும், அதனால் நாலு வாரம் முன்பே அவற்றை நிறுத்தச் சொல்வோம்.

ஹார்மோனுக்காகத் தரும் மாத்திரையின் பலன் முடியில் தெரிய ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். முடியின் சுழற்சி அவ்வளவு மெதுவானது. சில மாத்திரைகள் வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கும், கர்ப்பத்துக்குத் திட்டமிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

அம்மாக்களே, பிள்ளையைத் திட்டாதீர்கள், அவள் செய்த தப்பு எதுவும் இதில் இல்லை. அழைத்து வரும்போது கடைசி ஆறு மாத மாதவிடாய்த் தேதிகளை எழுதி எடுத்து வாருங்கள். பூசிய க்ரீமின் டியூபையும் கொண்டுவாருங்கள். வருவதற்கு முன்னால் முடியைப் பிடுங்க வேண்டாம், எங்கெங்கே எவ்வளவு இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.