தொலைதூரக் கல்வியில மேத்ஸ்: உங்க நோட்டை யார் பாக்குறாங்க?

கரஸ்லயும் ஆன்லைன்லயும் ஹையர் செகண்டரி மேத்ஸ் படிக்கிற பசங்களுக்கு ரொம்ப வருஷமா சொல்லிக்கொடுத்துட்டு வர்றேன், புதுசா வர்ற எல்லாரும் மொதல்ல கேக்குறது எந்த வீடியோ பாக்கலாம், எந்த புக் வாங்கலாம்னுதான். பாடத்துக்கு இப்ப பஞ்சமே கிடையாதுங்க, லிமிட்டுக்கும் இன்டக்ரேஷனுக்கும் அருமையா நடத்துற இலவச பாடங்கள் கொட்டிக் கெடக்கு. பசங்க சறுக்குறது, அவங்க எழுதுற ஸ்டெப்ஸை ஒருத்தருமே பாக்காம போறதுலதான்.

சைன் 3எக்ஸை டிஃபரன்ஷியேட் பண்ணுன்னா காஸ் 3எக்ஸ்னு எழுதிட்டுப் போறவங்க நிறைய, முன்னாடி வரவேண்டிய 3 காணாம போயிருக்கும். செயின் ரூல் (உள்ள இருக்குற 3எக்ஸையும் டிஃபரன்ஷியேட் பண்ணிப் பெருக்கணும்ங்குற விதி) தெரியுமான்னு கேட்டா தெரியும்பாங்க, வீடியோ பாத்தப்ப புரிஞ்சதும் நிஜம்தான். கிளாஸ்ரூமா இருந்தா டீச்சர் பெஞ்சைக் கடந்து போகும்போதே எட்டிப் பாத்து சுழிச்சிருப்பாங்க. தனியா படிக்கிற பிள்ளை அதே தப்போட அந்தப் பயிற்சி முழுசையும் போட்டு முடிச்சிடுது, தப்பு கையிலயே படிஞ்சு போயிடுது, அப்புறம் அதை எடுக்குறது புதுசா சொல்லிக்கொடுக்குறத விட கஷ்டம்.

"கால்குலஸ் வரல சார்"ன்னு சொல்ற இடத்துல பெரும்பாலும் கால்குலஸ் பிரச்சனையே இருக்காது. ஒன் பை எக்ஸோட டெரிவேட்டிவை ஃபர்ஸ்ட் பிரின்சிபிள்ல கண்டுபிடிக்கணும்னா ரெண்டு பின்னத்தைக் கழிக்கணும், அங்கயே மாட்டிக்குவாங்க, லிமிட் எடுக்குற வரிக்கே வந்திருக்க மாட்டாங்க. எக்ஸ் ஸ்கொயருக்கு வர்க்கமூலம் எடுத்தா எக்ஸ்னு எழுதிடுவாங்க, எக்ஸ் மைனஸ் நம்பரா இருந்தா என்ன ஆகும்னு யோசிக்கிறதில்ல. கால்குலேட்டர் டிகிரி மோடுல கெடக்கும், எக்ஸ் ஜீரோவை நெருங்கும்போது சைன் எக்ஸ் பை எக்ஸ் 1ஐ நெருங்கணும், இவங்களுக்கு 0.01745னு வந்து நிக்கும், புக் தப்பா நாம தப்பான்னு குழம்பி அந்த சாப்டரையே மூடி வச்சிடுவாங்க. (ரேடியன் மோடுக்கு மாத்தினா சரியாயிடும், அந்த 0.01745 பையை 180ஆல வகுத்தா வர்ற நம்பர்தான்.) கூட ஒருத்தர் இருந்தா அரை நிமிஷத்துல தீர்ந்துபோற விஷயம் இது, இதுக்காக ஒரு பிள்ளை எனக்கு மேத்ஸ் வராதுன்னு முடிவு பண்றதைப் பாக்குறப்ப மனசு கஷ்டமா இருக்கு.

1840ல இங்கிலாந்துல ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தை தபால்ல நடத்த ஆரம்பிச்சப்பவே, மாணவர்கள் எழுதிப் பழகினதை அனுப்ப, அதைத் திருத்தித் திருப்பி அனுப்புறதுதான் அவரோட முறை. அதனால எங்க சேர்றதா இருந்தாலும் முன்னாடியே கேட்டுடுங்க, அசைன்மென்ட்டை யார் திருத்துவாங்க, எத்தனை நாள்ல திரும்பி வரும், மார்க் மட்டும் போடுவாங்களா இல்ல எந்த வரியில தப்புன்னு எழுதித் தருவாங்களா. மூணு வாரம் கழிச்சு 10க்கு 6ன்னு மட்டும் வந்தா அதை வச்சு பிள்ளை எதைத் திருத்திக்கும்?

டவுட் கேக்கும்போதும் கேள்வியை மட்டும் போட்டோ எடுத்து "புரியல"ன்னு அனுப்பாதீங்க. எவ்வளவு தூரம் போட்டீங்களோ அதை அப்படியே, அடிச்சதை அழிக்காம, மாட்டின வரிக்குப் பக்கத்துல ஒரு கோடு இழுத்து அனுப்புங்க. தப்பு எங்கன்னு எங்களுக்கு உடனே தெரிஞ்சிடும், சில சமயம் அப்படி எழுதி வைக்கும்போதே உங்களுக்கே பிடிபட்டுடும்.

யாருமே கிடைக்காத நேரத்துக்கும் வழி இருக்கு. இன்டக்ரேட் பண்ணின விடையைத் திரும்ப டிஃபரன்ஷியேட் பண்ணுங்க, பழைய ஃபங்ஷன் வந்தாகணும். சமன்பாட்டோட விடையை அதுலயே திரும்பப் போட்டுப் பாருங்க. ஜியோஜீப்ரா ஆப்புல கிராஃப் வரைஞ்சு, நீங்க கண்டுபிடிச்ச சாய்வு அந்த இடத்துல பொருந்துதான்னு பாருங்க.

ஒரே வீடியோவை நாலு தடவ பாக்குறதை மட்டும் நிறுத்திடுங்க, ப்ளீஸ். 2006ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் செஞ்ச ஆய்வுல, திரும்பத் திரும்பப் படிச்சவங்க 5 நிமிஷம் கழிச்சு நல்லா பண்ணினாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல, படிச்சதை பாக்காம ஞாபகப்படுத்தி எழுதிப் பாத்தவங்கதான் முந்தினாங்க. அந்த ஆய்வுல படிக்கக் கொடுத்தது உரைநடைப் பகுதிகளை, கணக்கு இல்ல, ஆனா என் பசங்ககிட்ட நான் பாக்குறதும் இதேதான்.

போட்டோ எடுத்தா ஸ்டெப்போட விடை தர்ற ஆப் இருக்கே, அதை வேணாம்னு சொல்ல மாட்டேன். முதல்ல நீங்க முழுசா எழுதுங்க, அப்புறம் ஆப்பைத் திறந்து வரிக்கு வரி ஒப்பிட்டு, எந்த வரியில முதல்முதலா ரெண்டும் பிரியுதோ அங்கயே நிறுத்தி, ஏன் பிரிஞ்சதுன்னு அந்த ஒரு வரியை மட்டும் பாத்துட்டு ஆப்பை மூடிடுங்க, மீதி ஸ்டெப்ஸை நீங்களே போட்டு முடிங்க.