டிராகன்: சொல்லும் பெயர்களும்

சேலத்தில் கதை எழுதும் பிள்ளைகள் சிலரின் கையெழுத்துப் படிகளை அவ்வப்போது படித்துக் கொடுக்கிறேன். மாயாஜாலக் கதை என்றால் டிராகன் வந்துவிடும். ஏற்காட்டு மலைமேல் பறக்கும், வாழப்பாடிப் பக்கம் நெருப்பைக் கக்கும். பெயர் மட்டும் டிராக்கோனியஸ், ஸைரோத் என்று இருக்கும். "இதுக்கு என்ன அர்த்தம் தம்பி?" என்று கேட்டால், "சும்மா, கெத்தா இருக்குல்ல சார்" என்பார்கள். ஆனால் உலகம் அறிந்த டிராகன் பெயர்கள் பெரும்பாலும் சும்மா வந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு.

முதலில் டிராகன் என்ற சொல். கிரேக்கத்தில் 'திராக்கோன்'. லத்தீனில் 'திராகோ' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கிரேக்கத்தில் அதற்குச் சிறகும் இல்லை, நான்கு காலும் இல்லை. பெரிய பாம்பு, அவ்வளவுதான். 'பார்த்தல்' என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து பிறந்த சொல் என்பதே மொழியியலாளர் பலரின் கருத்து. கூர்ந்து பார்ப்பது, பார்வையாலேயே நடுங்கவைப்பது என்று பொருள். அந்த வினைக்கும் வடமொழியின் 'த்ருஷ்' என்ற வினைக்கும் வேர் ஒன்றே. நாம் அன்றாடம் சொல்லும் தரிசனமும், குழந்தைக்குச் சுற்றிப்போடும் திருஷ்டியும் அந்த வேரில் கிளைத்தவைதான்.

மணிமேகலையில் 'திட்டிவிடம்' என்றொரு பாம்பு வருகிறது. பார்வையிலேயே நஞ்சுள்ளது. முற்பிறப்பில் மணிமேகலையின் கணவனாக இருந்த இராகுலன் அதனால்தான் சாகிறான். 'திட்டி' என்பது திருஷ்டியின் பாகத (பிராகிருத) வடிவம். அப்படியானால் திராக்கோனும் திட்டிவிடமும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை, ஒரே வேரிலிருந்தும் வந்தவை. டிராகன் நமக்கு முழு அந்நியம் என்று இனி எப்படிச் சொல்வது?

இதைவிட எனக்கு வியப்பளிப்பது இன்னொன்று. கி.பி. 79-இல் இறந்த ரோமானிய அறிஞர் மூத்த பிளினி, இந்தியாவில் திராகோக்கள் யானைகளோடு ஓயாமல் போரிடுகின்றன, உடலால் சுற்றி முடிச்சிட்டு இறுக்குகின்றன என்று எழுதி வைத்தார். நற்றிணை 261-ஆம் பாட்டில், மழையிருளில் மலைவழியே தலைவன் வருவதை எண்ணித் தலைவி கலங்குகிறாள். அந்த வழியில் கிடப்பது "களிறு அகப்படுத்த பெருஞ்சின மாசுணம்". யானையையே பிடித்து மரத்தோடு சேர்த்துப் பிணிக்கும் பாம்பு அது. மலைபடுகடாம் "துஞ்சுமரம் கடுக்கும் மாசுணம்" என்கிறது. விழுந்து கிடக்கும் மரம்போல் தோன்றும், விலகிப் போங்கள் என்று கூத்தருக்கு வழிசொல்கிறது. லத்தீன்காரர் திராகோ என்று எழுதிய உயிரைத் தமிழ்ப் புலவர் மாசுணம் என்று பாடியிருக்கிறார்.

ஆகவே டிராகனுக்கு நான் முன்வைக்கும் தமிழ்ச் சொல் மாசுணம். இப்போது அந்த உயிரை எல்லோரும் மலைப்பாம்பு என்றே சொல்வதால் மாசுணம் என்ற சொல் வேலையின்றிக் கிடக்கிறது. சிறகு இல்லையே என்பார்கள். திராக்கோனுக்கும் முதலில் இல்லைதான். சிறகும் காலும் இடைக்கால ஐரோப்பியர் அதற்கு வரைந்து கொடுத்தவை. மாசுணத்துக்கு நம் பிள்ளைகள் கொடுக்கட்டும்.

யாளி என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. அது பொருந்தாது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போய், வாய்க்குள் கல் உருண்டை உருளும் அந்தச் சிற்பத்தைப் பார்த்தாலே தெரியும்: யாளி சிங்க இனம், பாம்பு இனமே அல்ல. தமிழ் விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் 'வலுசர்ப்பம்' நல்ல ஆக்கம். ஆனால் அங்கே அது சாத்தானைக் குறிப்பதால் கதைக்குள் அந்தச் சாயலையும் கொண்டுவந்துவிடும். பறவைநாகம் என்பது உருவத்தை மட்டும் சொல்கிறது. சீனத்து 'லோங்' நெருப்போடு அல்ல, மழையோடும் ஆற்றோடும் சேர்ந்தது; அதை லோங் என்றே எழுதலாம்.

இனிப் பெயர்கள். வடஐரோப்பியப் பழங்கதையில் பொற்குவியலைக் காக்கும் ஃபாஃப்னிர் என்றால் 'தழுவிக்கொள்பவன்'. பூதம் காத்த புதையல் என்று நாம் சொல்வதை அவர்கள் ஒரே பெயரில் அடக்கிவிட்டார்கள். அதே பழங்கதைகளில் உலகங்களைத் தாங்கும் மரத்தின் வேரைக் கடிக்கும் நீத்ஹொக்குக்கு 'வன்மத்தோடு தாக்குபவன்' என்று பொருள். வேதத்தில் நீரைச் சிறைவைத்து இந்திரனிடம் மாண்ட பாம்பான விருத்திரன் 'மறைப்பவன், தடுப்பவன்'. ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் படைத்த ஸ்மாக், 'துளைக்குள் நுழைதல்' என்ற பழைய ஜெர்மானிய வினையின் இறந்தகால வடிவம். தமிழில் 'நுழைந்தான்' என்று பெயர் வைத்ததுபோல. ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டின் ஆல்டுயின், 'அழி, விழுங்கு, தலைவன்' என்ற மூன்று கற்பனைமொழிச் சொற்களின் கூட்டு.

இவற்றில் பலவும் வினையிலிருந்து வந்தவை என்பதுதான் கவனிக்க வேண்டியது. தமிழுக்கு இது கைவந்த கலை. மரங்கொத்தி, ஆட்கொல்லி, மண்வெட்டி என்று வினையோடு ஓர் இகரம் சேர்த்தால் போதும், பெயர் பிறந்துவிடும். நீத்ஹொக்கைத் தயங்காமல் 'வஞ்சங்கொத்தி' என்பேன். காந்தம் இழுக்கும் இரும்புத் தாது நிறைந்த கஞ்சமலையில் ஒரு மாசுணம் வாழ்ந்தால் அது 'இரும்புவிழுங்கி'. சேர்வராயன் மலையில் மேகம் இறங்கும்போதெல்லாம் கூடவே இறங்கி வருவது என்றால் 'மஞ்சுமிழி'. மஞ்சு என்பது மேகம், உமிழ்வதால் உமிழி. குறிஞ்சிப்பாட்டின் நாகம் மணி உமிழ்ந்தது, இது மேகம் உமிழட்டும். ஸைரோத்தை எழுதிய தம்பிக்கு இந்தப் பெயரைத்தான் ஓரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.