உயிரற்றதா, உயிரிலியா?

சூலூர் குளத்துக் கரையில் ஒரு ஜிலேபிக் கெண்டை செத்து ஒதுங்கியிருந்தது. கூட வந்த அக்கா மகளுக்கு அந்த வாரம்தான் நன்னீர்ச் சூழல் மண்டலம் பாடம் நடந்திருந்தது. "ஏனுங் மாமா, இந்த மீன் உயிருள்ள காரணியா, உயிரற்ற காரணியா?" என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

பாடப்புத்தகக் கணக்கு சுலபம். ஒரு சூழலைப் பாதிக்கிற எதுவும் காரணி. மீன், பாசி, தாமரை, நாமக்கோழி, நுண்ணுயிர் எல்லாம் உயிருள்ளவை. வெயில், வெப்பம், உப்பு, நீரில் கரைந்த ஆக்சிஜன் எல்லாம் உயிரற்றவை. ஆங்கிலத்தில் பயோடிக், ஏபயோடிக் என்பார்கள். கிரேக்கத்தில் 'பயாஸ்' என்றால் வாழ்வு. பயோடிக் என்பது வாழ்வைச் சார்ந்தது. முன்னால் ஒட்டும் 'அ', நீதியை அநீதியாக்கும் அதே 'அ'தான். மூலச்சொல் வாழ்வைச் சார்ந்தது என்றுதான் சொல்கிறது; இப்போது உயிரோடு இருக்கிறதா என்று கேட்கவில்லை. 'உள்ள' என்பது தமிழில் நாம் சேர்த்தது.

'அற்ற' இன்னும் சிக்கல். அறு என்றால் அறுந்துபோவது, தீர்ந்துபோவது. மூதுரையில் ஔவையார் 'அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவை' என்பது, தண்ணீர் இருந்து வற்றிப்போன குளத்தை. குற்றமற்ற, எல்லையற்ற என்று வெறும் 'இல்லாத' என்ற பொருளிலும் அது வழங்குகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயிரோடு சேரும்போது பழைய வாடை வந்துவிடுகிறது. உயிரற்ற உடல் என்றால் பிணம்தானே? வெயிலுக்கும் வண்டலுக்கும் எப்போது உயிர் இருந்தது, அற்றுப்போக?

அதனால் என் தேர்வு உயிரிக் காரணி, உயிரிலிக் காரணி. 'உயிரி' ஏற்கெனவே நுண்ணுயிரியில் இருக்கிறது. இல்லாதது என்று பொருள்படும் 'இலி' ஏதிலியில் இருக்கிறது. புதிதாக எதையும் செய்யவேண்டியதில்லை. காரணி என்பதைத் தொடவேண்டாம். கணக்குப் பாடத்திலும் அதுவே வேலை செய்கிறது.

இப்போது அந்த மீன். செத்தாலும் அது உயிரியிலிருந்து வந்தது, ஆகவே உயிரிப் பக்கம். நுண்ணுயிர்கள் அதை மட்கச் செய்து, நைட்ரஜனும் பாஸ்பரசும் உப்புகளாக நீரில் கரைந்த பிறகு உயிரிலிப் பக்கம். அந்த உப்பைத் தின்றுதான் ஆகாயத்தாமரை குளத்தை மூடுகிறது. மூடினால் அடியில் வெளிச்சம் போகாது. அது அழுகும்போது நீரில் இருக்கும் ஆக்சிஜனும் குறையும். கோடையென்றால் இன்னும் மோசம்: 25 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 35 டிகிரியில் 7தான்.

நன்னீர் என்ற சொல்லில் மட்டும் எனக்குக் குறையே இல்லை. ஆங்கிலத்தின் 'ஃபிரெஷ்' இங்கே புதியது அல்ல, உப்பில்லாதது. அதைப் புதுநீர் என்று பெயர்த்திருந்தால், மழைக்கு நொய்யல் ஆற்றில் வரும் புதுத் தண்ணி என்றுதான் நம்மவர்கள் நினைத்திருப்பார்கள். இங்கே வீட்டுக்கு வீடு நல்ல தண்ணிக் குழாய் வேறு, உப்புத் தண்ணிக் குழாய் வேறு. நல்ல தண்ணிதான் நன்னீர்.

அந்த 'நல்ல' போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நொய்யலிலேயே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடித்தார்கள். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்புப் போடவேண்டும். திருப்பூர்ச் சாயக்கழிவோடு அந்த உப்பு அணையில் வந்து தேங்கியது. தண்ணீரைத் திறக்கவேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இத்தனைக்கும் உப்பு ஓர் உயிரிலிக் காரணி.

அக்கா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப பரீட்சையில என்னன்னு எழுதறதுங் மாமா?" என்றாள். உயிரற்ற காரணி என்றே எழுதச் சொல்லிவிட்டேன். மார்க் போனால் அக்காவுக்கு யார் பதில் சொல்வது?